முயலின் முதுகும் கொத்தனாரின் கையும்

ஒரு வேதிப்பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளில் 16 பகுதிகள் இருக்கும். அதில் 11ஆவது, நச்சுத்தன்மை பற்றியது. அங்கே பெரும்பாலும் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம்: தோல், முயல், 4 மணி நேரம், எரிச்சலூட்டும். அந்த ஒரு வரிக்காகச் சில முயல்கள் பல நாட்கள் அவதிப்பட்டிருக்கின்றன. அந்தப் பொருளைக் கையால் அள்ளப்போகும் மனிதருக்காகத்தான் அந்த அவதி என்று நியாயமும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் மதுரை பழங்காநத்தத்தில் சிமெண்ட், காஸ்டிக் சோடா, ஆசிட், பெயிண்ட் தின்னர் என்று சில்லறையாக வாங்கிப் போகிறவர் கைக்கு இந்தத் தாள் வருவதே இல்லை. மூட்டையோடும் கேனோடும் அதைக் கொடுப்பவர் கிடையாது; தேடிப் பிடித்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முயலிடமிருந்து வாங்கிய அறிவு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்காமல், விலங்குச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் வாதாடிக்கொண்டிருப்பது பாதி விவாதம்தான்.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு எடுப்பது வெள்ளை முயல். தோலில் சிவப்பு ஏறினால் பளிச்சென்று தெரியும், முதுகு அகலமானது, சாதுவான பிராணி. முதல் நாளே முதுகில் ரோமத்தை மழித்துவிடுவார்கள். மறுநாள் திரவமாக இருந்தால் அரை மில்லி, பொடியாக இருந்தால் அரை கிராம் எடுத்து ஈரமாக்கி, சுமார் 6 சதுர செ.மீ. பரப்பில் வைத்து, மெல்லிய துணியால் மூடி, பட்டையால் கட்டுவார்கள். முயல் திரும்பி அதைக் கடித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 4 மணி நேரம் கழித்துக் கட்டைப் பிரித்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்து, 1 மணி நேரத்திலும் பிறகு 24, 48, 72ஆவது மணி நேரங்களிலும் தோலைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சிவப்புக்கு 0 முதல் 4 வரை, வீக்கத்துக்கு 0 முதல் 4 வரை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிவப்பு என்றால் 1. பீட்ரூட் நிறத்துக்கு மாறினாலோ பொருக்குத் தட்டினாலோ 4. வீக்கம் 1 மில்லி மீட்டருக்கு மேல் எழும்பி, பொருள் வைத்த இடத்தைத் தாண்டிப் பரவினால் அதற்கும் 4. புண் ஆறுகிறதா என்று 14 நாள் வரை பார்ப்பதுண்டு. மூன்று முயல்களில் இரண்டுக்காவது சராசரி 2.3 அல்லது அதற்கு மேல் வந்தால், உலகம் முழுக்க ஏற்கப்பட்ட வகைப்பாட்டின்படி அந்தப் பொருள் எரிச்சலூட்டி.

வலித்தால் நாய் கத்தும். முயல் பெரும்பாலும் கத்தாது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு, தீனியைத் தொடாமல் உட்கார்ந்துவிடும். மதிப்பெண் தாளில் சிவப்புக்குக் கட்டம் இருக்கிறது, வீக்கத்துக்கு இருக்கிறது. இந்தக் குறுகலுக்கு இல்லை.

இந்த முறையை வகுத்தவர் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரைஸ். அவர் இரண்டு சகாக்களோடு 1944இல் வெளியிட்ட கட்டுரைதான் இதன் மூலம். அன்றைய முறை இன்னும் கடுமையானது: ஆறு முயல்கள், 24 மணி நேரக் கட்டு, கீறாத தோலில் ஒரு சோதனை, கீறிவிட்ட தோலில் இன்னொன்று. எதற்காக இதெல்லாம் என்று கேட்டால் அதற்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1930களில் அமெரிக்காவில் ‘லேஷ் லூர்’ என்றொரு கண்ணிமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்கு இமைகள் வெந்து, கண் புண்ணாகிப் பார்வை போனது. அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அப்போது அந்நாட்டு அரசுக்கு இல்லை. 1938இல் புதுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த அளவுகோல் ஒன்று தேவைப்பட்டபோது, முயலின் தோலும் கண்ணும் அளவுகோலாயின.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். லேஷ் லூரில் இருந்தது பாரா பினைலின் டயமின். இன்றும் கறுப்புத் தலைச்சாயங்களில் இருப்பது அதுதான். அது செய்யும் முக்கியமான கேடு ஒவ்வாமை. எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. ஆசிட் யார் கையில் பட்டாலும் எரியும். அது நேரடித் தாக்குதல். ஒவ்வாமையில் உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை முதல் தொடர்பில் அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. அதன்பின் துளி பட்டாலும் கொந்தளிக்கிறது, சிலருக்கு மட்டும். முயல் முதுகில் ஒரே ஒரு முறை 4 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனையால் இந்த இரண்டாவது கேட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கினிப்பன்றியிலும் எலியிலும் வேறு சோதனைகள் பின்னால் வந்தன. ஆக, எந்தப் பெண்களின் கண்ணீரால் சட்டம் பிறந்ததோ, அவர்களைத் தாக்கிய கேட்டை அந்தச் சட்டத்தின் பேரில் புகழ்பெற்ற தோல் சோதனை பிடித்திருக்காது.

இதை விளக்க சிமெண்டை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மதுரையில் காலை நேரத்தில் வேலைக்காகக் காத்து நிற்கும் கொத்தனார்கள், சித்தாள்களின் கைகளைக் கூர்ந்து பாருங்கள். விரல் நுனிகள் வெடித்திருக்கும். முட்டிகளில் தோல் தடித்து, கோடு கோடாகப் பிளந்திருக்கும். கால்விரல் இடுக்குகளில் வெந்த தழும்பு. “சிமெண்ட் கடிச்சிருச்சு” என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதுதான் வைத்தியம். பெயிண்டர்கள் வேலை முடித்ததும் தின்னரிலோ மண்ணெண்ணெயிலோ கையைக் கழுவுவார்கள். சாயம் போகும், தோலைக் காக்கும் எண்ணெய்ப் பசையும் கூடவே போய்விடும்.

ஈரச் சிமெண்டின் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு 12ஐத் தாண்டும். சாந்துச் சட்டியில் கை வைக்கிறவருக்கு எரிவது இதனால். ஆனால் வருஷக்கணக்கில் வேலை பார்த்த சிலருக்கு, சிமெண்டைத் தொட்ட மாத்திரத்தில் கை முழுக்க நீர்க்கொப்புளம் கிளம்பும் நோய் வேறு. ஐரோப்பிய மருத்துவர்களை இது வெகுநாள் குழப்பியது. 1950இல் சுவிட்சர்லாந்தின் ஜேகர், பெலோனி என்ற இருவர் விடை கண்டார்கள்: சிமெண்டில் துளியளவு கலந்திருக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்தால் வரும் ஒவ்வாமை. கண்டுபிடித்தது முயலின் முதுகில் அல்ல, நோயாளிகளின் முதுகில். யோசெப் யாடசோன் என்ற தோல் மருத்துவர் 1895இலேயே அறிமுகப்படுத்திய ஒட்டுச் சோதனைதான் கருவி. சந்தேகப்படும் பொருளை மிகக் குறைந்த செறிவில் நோயாளியின் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். காரணம் தெரிந்ததும் பரிகாரமும் தெரிந்தது. சிமெண்டோடு கொஞ்சம் இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் அந்தக் குரோமியம் வீரியம் குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும். டென்மார்க் 1980களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சிமெண்டில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது.

சிமெண்ட் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: உழைப்பாளியின் உடம்பைக் கவனமாகப் பார்த்த மருத்துவர், அந்தக் கவனிப்பைச் சட்டமாக்கிய அரசு, இரண்டுக்கும் நடுவே அறுபடாத ஒரு தொடர்பு. அந்தத் தொடர்பு இருந்தால் ஒரு மூட்டையின் உள்ளடக்கமே மாறுகிறது. இல்லாத ஊரில் எத்தனை முயல்களைச் சோதித்தாலும் கொத்தனாரின் கை அப்படியேதான் இருக்கும்.

முயல் சோதனை அறிவியல் அளவிலாவது நம்பகமானதா என்று பார்த்தால், அதிலும் சிக்கல். 1971இல் வெயில், ஸ்காலா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே பொருள்களை 20க்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பி, முயல் கண்ணிலும் தோலிலும் சோதிக்கச் சொன்னார்கள். ஒரு ஆய்வகத்தில் சாதுவான பொருள் இன்னொன்றில் கடுமையான எரிச்சலூட்டி என்று வந்தது. சிவப்பின் அளவைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் முறையில் இது எதிர்பார்க்க வேண்டியதே. 2010இல் வெளியான இன்னொரு ஆய்வு நேரடியாக மனிதத் தோலோடு ஒப்பிட்டது. பிராக் நகரின் யிரோவாவும் சகாக்களும், முயலில் எரிச்சலூட்டி என்று முத்திரை குத்தப்பட்ட 16 பொருள்களை, ஒப்புதல் தந்த தன்னார்வலர்களின் தோலில் 4 மணி நேரம் வரை வைத்துப் பார்த்தார்கள். 16இல் 5 மட்டுமே மனிதத் தோலை எரிச்சலூட்டின. முயல் தோல் மனிதத் தோலைவிட மெல்லியது, ரோமக்கால்கள் நெருக்கமானவை, பல பொருள்கள் அதில் எளிதாக ஊடுருவும். எச்சரிக்கை கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்லலாம். ஆனால் எல்லாவற்றையும் அபாயம் என்று சொல்லும் எச்சரிக்கையை நாளடைவில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

இந்தியாவில் விலங்குகளுக்காகச் சட்டம் கேட்ட முக்கியமான குரல்களில் ஒன்று மதுரையில் பிறந்தவருடையது. ருக்மிணி தேவி அருண்டேல் 1904இல் இங்கே பிறந்தார். கலாக்ஷேத்திராவை நிறுவியவர் என்று நாடு அறியும். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவு 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு கவனித்துப் படிக்க வேண்டியது. தவிர்க்க முடிந்த இடங்களில் எல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் பிரிட்டனில் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் கொள்கையும் ஏறக்குறைய இதுதான். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பெரிய விலங்குக்குப் பதில் கினிப்பன்றி, முயல், தவளை, எலி போன்ற சிறிய விலங்குகளால் அதே முடிவு கிடைக்குமானால் அவற்றையே பயன்படுத்த வேண்டும். நாயையும் குரங்கையும் காக்க எழுதிய வாசகம் முயலை முன்னால் தள்ளிவிட்டது. சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1960இல் கைவசம் இருந்த வழிகள் அவ்வளவே. 1998இல் வந்த விதிகளின்படி விலங்குச் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் அறிவியல் துறை சாராத, சமூக அக்கறை கொண்ட ஒருவரும் உட்கார வேண்டும். நல்ல ஏற்பாடு. அந்த நாற்காலியில் ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியோ கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரரோ உட்கார்ந்தால் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்.

2014இல் அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா தடை செய்தது. அப்படிச் சோதித்த பொருள்களை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டு தடை வந்தது. ஆசியாவில் முன்மாதிரியான முடிவு. ஆனால் உதட்டுச் சாயத்துக்குக் கிடைத்த விடுதலை நூல் சாயத்துக்குக் கிடைக்கவில்லை. தொழில்துறை வேதிப்பொருள்கள் அந்தத் தடைக்குள் வரவில்லை. அவற்றுக்கென்று முழுமையான பதிவுச் சட்டமும் நம்மிடம் இருக்கவில்லை. 1989இன் அபாய வேதிப்பொருள் விதிகள் எத்தனை மில்லிகிராமில் பாதி விலங்குகள் சாகின்றன என்ற அளவை வைத்துத்தான் நச்சைத் தரம் பிரித்தன. மற்றபடி, ஏற்றுமதி செய்யும் நாட்டுச் சட்டத்துக்காகவும் பூச்சிமருந்துப் பதிவுக்காகவும் சோதனைகள் நடந்தன. சென்னைக்கு அருகே படப்பையில் உள்ள நச்சியல் நிறுவனம் போன்ற, தரச் சான்று பெற்ற ஆய்வகங்கள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. 2011 முதல் இந்திய ஆய்வகங்களின் தரவுகளைப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் நாடுகள் ஏற்றுக்கொள்கின்றன. இதனால் ஒரே சோதனையை நாட்டுக்கு நாடு திரும்பச் செய்ய வேண்டியதில்லை. முயல்களுக்கு இது சின்ன உபகாரமல்ல.

முயலுக்குப் பதில் என்ன? மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து உருவாக்கும் தோல் மாதிரி. அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட தோலிலிருந்து, ஒப்புதலோடு எடுத்த செல்களை ஒரு மெல்லிய சவ்வின் மேல் வளர்ப்பார்கள். அடியில் ஊட்டநீர், மேலே காற்று. சில நாட்களில் உண்மைத் தோலைப் போலவே அடுக்கடுக்காக வளர்ந்து, மேலே கெட்டியான இறந்த செல் படலமும் உருவாகிவிடும். சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். அதன் மேல் சோதிக்கும் பொருளை மாதிரிக்கு ஏற்ப 15 நிமிடமோ 1 மணி நேரமோ வைத்து, கழுவிவிட்டு, 42 மணி நேரம் விடுவார்கள். பிறகு எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தில் போடுவார்கள். உயிருள்ள செல் அதை நீல ஊதாவாக மாற்றும். செத்த செல் மாற்றாது. ஊதாவைக் கரைத்தெடுத்துக் கருவியில் அளந்தால், எத்தனை விழுக்காடு செல்கள் பிழைத்தன என்று தெரிந்துவிடும். 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் எரிச்சலூட்டி. கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் தடுமாற்றம் இதில் இல்லை. 2010இல் இது சர்வதேச வழிகாட்டு முறையாக ஏற்கப்பட்டது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தோல் எரிச்சலுக்கு முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்று தன் வேதிப்பொருள் சட்டத்தைத் திருத்தியது.

இதற்கும் குறைகள் உண்டு. தோல் மாதிரி சில நாட்களே தாங்கும். வெளிநாட்டிலிருந்து குளிர்ப்பெட்டியில் தருவிக்க வேண்டியிருந்தால் செலவும் தாமதமும் கூடும். சோதிக்கும் பொருளே சாயமாக இருந்தால் ஊதாவை அளப்பதில் குழப்பம் வரும். அதற்குத் தனிப் பிரிப்பு முறை தேவை. சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்க்கும் மதுரையில் இது கற்பனையான சிக்கல் அல்ல. இதையெல்லாம் விட முக்கியமான குறை, முயலுக்கும் தோல் மாதிரிக்கும் பொதுவானது. இரண்டும் ஒரு முறைத் தொடர்பை அளக்கின்றன. சாயத்தொட்டியிலும் சாந்துச் சட்டியிலும் கை வைப்பவரின் தோல் அப்படிக் கெடுவதில்லை. ஒரு நாள் காரம் லேசாக அரிக்கும், மறுநாள் ஈரம், அதன் மேல் மலிவான சோப்பு, மே மாதத்து வெயிலும் வேர்வையும். ஒவ்வொன்றும் தனித்தனியே சோதனையில் தேறிவிடக்கூடியதுதான். இருபது வருஷம் சேர்ந்து செய்யும் வேலையை எந்த 4 மணி நேரச் சோதனையும் சொல்லாது.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தான் கையாளும் பொருளின் அபாயத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் தோல் அழற்சியும் இருந்தது. எரிச்சலூட்டிகள், ஒவ்வாமை ஊட்டிகள் என்று இரண்டு வகையையும் அட்டவணையே பிரித்துச் சொன்னது. ஆனால் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரமில்லாமல் 20 பேர் வேலை செய்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலை. 2020இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20, 40 என்று உயர்த்தியது. நாலு பேர் வேலை பார்க்கும் பட்டறையும் மூன்று பேர் பூச்சு வேலை பார்க்கும் வீட்டுக் கட்டுமானமும் அன்றும் வெளியே, இன்றும் வெளியே. தோல் கெட்டவர்களில் பலர் வேலை பார்ப்பது அங்கேதான்.

2020இல் மத்திய அரசு வேதிப்பொருள் மேலாண்மைக்கென்று ஒரு விதி வரைவை எழுதியது. அது சட்டமாகும்போது பதிவுக்கான தரவுகளைக் கேட்கும். கேட்கத் தொடங்கினால் சோதனைகள் பெருகும். ஆகவே வாசகத்தை இப்போதே சரியாக அமைக்க வேண்டும். ஏற்கெனவே உலகில் எங்காவது கிடைக்கும் தரவு இருந்தால் புதுச் சோதனை கூடாது. பி.எச். 2க்குக் கீழோ 11.5க்கு மேலோ இருந்தால் விலங்குச் சோதனை கூடாது. முயல் சோதனைக்கான சர்வதேச வழிகாட்டு முறையே 2002 முதல் இதைச் சொல்கிறது. அடுத்து தோல் மாதிரி. பதிவு பெறும் எந்தப் பொருளும் சில்லறைக்கு வரும்போது, கேனின் மேல் அந்தந்த மாநில மொழியில் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் தமிழில், ஒரு ஓரத்தில் பொடி எழுத்தாக இல்லாமல், கையுறை எது, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பது உட்பட. கையுறையிலும் கவனம் வேண்டும்: உள்ளே ஈரச் சிமெண்ட் புகுந்துவிட்ட கையுறை, வெறுங்கையை விட மோசமாகத் தோலை வேக வைக்கும்.

அதே வழிகாட்டு முறை, எந்தச் சோதனைக்கும் முன்னால் பார்க்க வேண்டிய முதல் சான்று மனிதர்களிடம் ஏற்கெனவே தெரியவந்த விளைவுகள் என்று சொல்கிறது. நம் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் இந்திய ஒட்டுச் சோதனை வரிசையில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் பாரா பினைலின் டயமினும் இருக்கின்றன. ஒவ்வொரு சோதனையின் முடிவையும் நோயாளியின் பெயர், வயது, தொழிலோடு புறநோயாளிப் பிரிவின் பதிவேட்டில் ஏற்றிவைக்கலாம். பெயரை நீக்கிவிட்டு, தொழிலும் பொருளும் முடிவும் மட்டும் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்ந்தால், எந்த ஊரில் எந்தப் பொருள் யார் கையைக் கெடுக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு தெரியவரும். சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்க்கச் சொல்லும் விதிக்கு அந்தத் தொகுப்பே போதுமான ஆதாரம். அதற்கு ஒரு முயலின் முதுகையும் மழிக்க வேண்டியதில்லை.